புடவை மூட்டையோடு வந்தவருக்கு ஒரு விழா

(இலங்கைத் தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யரின் நினைவு விழாவை ஒழுங்கு செய்வதற்காக மலையக நகரான ஹட்டனில் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களே, மலையிலிருந்து இறங்கி நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, தலைவர்மார்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நடேசய்யருக்கு இந்த ஊரில் விழா எடுப்பதென்று முடிவாகிவிட்டது. எப்படி எடுப்பது என்பதைப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். கொட்டும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் உங்களை வாழ்த்துரை சொல்லிக் காக்க வைக்க மாட்டேன். நான் கண்ட ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மலையகத்து நகரம் ஒன்றில் நடந்த நினைவு விழாவுக்குப் பேச்சாளராகப் போயிருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். காலை பத்து மணி என்று அழைப்பிதழில் இருந்தது. பிரதம விருந்தினர் வந்து சேரப் பன்னிரண்டரை ஆனது. முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். அவற்றில் பாதி கடைசிவரை காலியாகவே கிடந்தன. மண்டபத்தின் பின்கதவோரம் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியிருக்கும். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல்கள். அந்த விரல்கள் ஒரு பொலித்தீன் பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தன. பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. மாலை போடுவது முடிந்து, பொன்னாடை போர்த்துவது முடிந்து, நான் பேசி இறங்கி வந்தபோது அவரைக் காணவில்லை. தோட்டத்து லொறி இரண்டு மணிக்குத் திரும்பிவிட்டது. தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த பையன் சொன்னான்: "அந்தப் பாட்டி தன் தாத்தாவின் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்திருந்தார், சேர். யாரிடமாவது காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்."

அந்தச் சீட்டை அன்று யாரும் பார்க்கவில்லை. அதைக் காட்ட வந்தவருக்கு உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை. எங்கள் விழாவில் இது நடக்கக் கூடாது. நான் இன்று சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான்.

நடேசய்யர் யார் என்பதை நம் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1887இல் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர். கொழும்புக்கு வந்து 1921இல் 'தேசநேசன்' பத்திரிகையை நடத்தினார். பின்னர் 'தேசபக்தன்' வந்தது. 1925இல் அன்றைய சட்டமன்றமான சட்டநிரூபண சபைக்குப் போனார். 1931இல் இதே ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936 முதல் 1947 வரை, அதன் இடத்தில் வந்த அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் குரல் அவர்தான். 1947 நவம்பரில் மறைந்தார். நம் மலையகத் தமிழ் மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1948இல். அந்தச் சட்டத்தை எதிர்த்து முழங்க அவர் இருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

பதவிகளை வேகமாகச் சொல்லி முடித்துவிட்டேன். நான் உங்களோடு சற்று நின்று பார்க்க விரும்புவது அந்தப் புடவை மூட்டையை. அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டம் என்பது அதை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் தனிச்சொத்துப் போல. வெளியார் ஒருவர் அனுமதியில்லாமல், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். காவல்காரன் பிடித்துக் கொடுத்துவிடுவான். பற்றுவரவுக் கணக்கில் மாட்டிக்கொண்ட தொழிலாளி 'துண்டு' என்னும் ஒரு கடன் காகிதத்தோடு, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிகளிடையே கைமாறிய கொடுமையை 1921இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். காகிதம் ஒழிந்தது, கடன் ஒழியவில்லை, கங்காணியும் ஒழியவில்லை. அப்படிப்பட்ட தோட்டத்துக்குள், படித்த பிராமணர் ஒருவர், தோளில் புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு வியாபாரியாக நுழைந்தார். லயத்து அறையான காம்பராவின் வாசலில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். சேலைக்கு விலை பேசும் பெண்களின் வாயிலிருந்து சம்பளக் கணக்கையும் பிள்ளைகளின் பசியையும் கேட்டறிந்தார். கேட்டதை எழுதினார், அச்சிட்டார், சபையில் பேசினார்.

வாசலுக்குப் போனவர் அவர். ஆகவே அவருக்கு எடுக்கும் விழாவும் வாசலுக்குப் போக வேண்டும். நகர மண்டபத்தில் மேடை போட்டுவிட்டு, தோட்டத்து மக்களை லொறியில் ஏற்றிக் கைதட்டக் கொண்டுவருவதாக இருந்தால் அந்த விழா அவருக்குரியதாகாது. விழாவுக்கு முந்திய மூன்று வாரங்களும் டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை, வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களில் மாலை நேரத்தில் சிறுசிறு கூட்டங்களாக நடக்கட்டும். ஹட்டனில் நடப்பது அதன் கடைசி நாளாக இருக்கட்டும். 2023இல் நம் மக்கள் இந்தியாவிலிருந்து இங்கு வந்து இருநூறு ஆண்டு ஆனபோது தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்களே, அந்த நடைபவனி போகிற வழியெல்லாம் ஊர்ஊராக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனது. எனக்கு அதுதான் மனத்தில் நிற்கிறது.

இனி நாள் குறிப்பதைப் பேசுவோம். இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. நினைவு நாள் எந்தக் கிழமையில் வருகிறதோ அன்றே வைத்தால்தான் மரியாதை என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களுடைய பக்தியை மதிக்கிறேன். ஆனால் வார நாளில் வைத்தால், கொழுந்து எடுக்கும் ஒரு தாய் அன்றைய பேரை, அதாவது அன்றைய நாட்சம்பளத்தை, இழந்துதான் வர முடியும். அரைநாளில் ஓடிவந்தால் அரைப்பேர். நாட்சம்பளத்துக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய மனிதரின் பெயரால் ஒருவரின் நாட்சம்பளத்தை வெட்டுவது எந்த நியாயம்? நவம்பரில் வரும் ஒரு ஞாயிறு அல்லது பௌர்ணமி விடுமுறையான போயா நாள் போதும். காலை எட்டரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பகலுக்கு மேல் இந்த மலைகளில் மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் எட்டரைக்குத் தப்புப் பறை முழங்க வேண்டும்.

பணத்தைப் பற்றி மனம் திறந்து பேசுகிறேன். தீபாவளி முற்பணம் வாங்கிய கையோடு மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்புத் தொடங்கும் காலம் அது. கோயில் திருவிழாவுக்குப் பிடிப்பதுபோல் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று யோசனை வந்திருக்கிறது. வேண்டவே வேண்டாம். சம்மதம் கேட்காமல் சம்பளத்தில் கைவைக்கும் வழக்கத்தை எதிர்த்தே நடேசய்யர் பக்கம் பக்கமாக எழுதினார். நகரத்துக் கடைக்காரர்களிடம் போவோம், வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்போம். தோட்டங்களில் காசு கேட்காமல், லயத்துக்கு லயம் பிடி அரிசி வாங்குவோம். அந்த அரிசியில் விழா நாள் சோறு வேகட்டும். வரவு செலவைச் சதம் விடாமல் எழுதி, மறுவாரமே மாணிக்கப் பிள்ளையார் கோயில் சந்தியிலும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களங்களிலும் ஒட்டுவோம். மூன்றாண்டு கழித்தும் இந்த விழா உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இந்தக் கணக்குத்தாள்தான் அதற்கு மூச்சு.

விழா நடத்தும் வித்தை நமக்குப் புதிதா? நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. மாசியில் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து ரதிக்கு யார், மன்மதனுக்கு யார், தப்புக்கு யார், பந்தத்துக்கு எண்ணெய் யார் வீட்டிலிருந்து என்று எல்லாம் தானாக நடக்கிறது. பிரதம விருந்தினர் இல்லை. கூத்தைக் கட்டும் மாஸ்டர் காலையில் மலைக்குப் போய் மாலையில் வந்து பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுக்கிறார். அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்வோம். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும், ஒவ்வொரு டிவிஷனுக்கும், ஒரு பொறுப்பு: ஒருவருக்குச் சமையல், ஒருவருக்குப் பந்தல், ஒருவருக்கு நாடகம்.

தப்பைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். விருந்தினரை வரவேற்கத் தப்புக் கலைஞர்களை அழைக்கிறோம். வாசல்வரை அடித்துக்கொண்டு வந்ததும் அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறோம். சாப்பாட்டையும் கடைசியில் கொடுக்கிறோம். காரணம் என்னவென்று இந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் விழாவில் அவர்கள் மேடையில் அமர்வார்கள். முதல் பந்தியில் சாப்பிடுவார்கள். அழைப்பிதழில் அவர்களுடைய பெயர்கள் அச்சாகும். இதற்கு ஒப்பவில்லை என்றால் என்னை இந்தக் குழுவிலிருந்து விடுவித்துவிடுங்கள்.

அடுத்தது மீனாட்சி அம்மை. அழைப்பிதழின் மாதிரி வரைவைப் பார்த்தேன். நடேசய்யரின் படம் பெரிதாக இருக்கிறது. அம்மையாரின் பெயர் இரண்டாம் பக்கத்தில் "அன்னாரின் துணைவியார்" என்று ஒரு வரியில் இருக்கிறது. இதைத் திருத்த வேண்டும். கூட்டங்களில் ஐயர் பேசுமுன் கூட்டத்தைக் கட்டி நிறுத்தியது அம்மையாரின் பாட்டு. ஜனங்களுக்குப் பழகிய மெட்டில் தொழிலாளர் துயரத்தைச் சொற்களாக்கிப் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு தடவை கேட்டால் மலைக்குப் போகும் வழியில் முணுமுணுக்கலாம். 1939இல் இந்திய வம்சாவளியினரை அரசாங்க வேலைகளிலிருந்து நீக்கத் தொடங்கிய காலத்து நிலைமையையும் பாட்டாக்கினார். அந்தப் பாடல்கள் 1940இல் சிறு நூலாக அச்சாகின. ஒரு பெண் மேடையேறி அரசியல் பாடுவது அன்று எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை எண்ணிப் பாருங்கள். விழாவின் பெயரே "நடேசய்யர் – மீனாட்சி அம்மை விழா" என்று இருக்கட்டும். பாட்டுப் பகுதியைக் கொழுந்து எடுக்கும் பெண்களிடமே ஒப்படைப்போம். ஒலிநாடாவில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதை நான் ஏற்க மாட்டேன்.

நாடகத்துக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்' என்று 1937இல் ஐயரே எழுதி வைத்திருக்கிறார். இளைஞர்கள் அதைச் சுருக்கி நாற்பது நிமிடத்தில் நடிக்கலாம். அவருடைய நூல்களில் 'வெற்றியுனதே', 'நீ மயங்குவதேன்' ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டாலே அவர் யாரிடம் பேசினார் என்பது விளங்கும். மறைந்த பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவரைப் பற்றி ஒரு முழுநூல் நம்மிடம் இருக்கவில்லை. மலையக எழுத்தாளர் சாரல் நாடன் பழைய பத்திரிகைகளையும் ஆவணங்களையும் தேடி எடுத்து 1988இல் அந்தக் குறையைத் தீர்த்தார். அந்த ஒரு மனிதர் உழைத்திருக்காவிட்டால் இன்று இந்தக் கூட்டமே கூடியிருக்காது. விழாவில் அவரையும் நினைவுகூர்வது நம் கடமை.

சங்கங்களின் தலைவர்மார் வந்திருக்கிறீர்கள். கொடி கட்டும் பேச்சு எழும் என்று எனக்குத் தெரியும். ஐயரின் வாழ்க்கையே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1920களில் கொழும்பில் சிங்களத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு தோளோடு தோள் நின்று தொழிலாளருக்காக உழைத்தார். பின்னர் குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது பிரிந்தார். 1939இல் உருவான இலங்கை இந்திய காங்கிரசோடும் அவருக்குப் பிணக்கு இருந்தது. 1947 தேர்தலில் தோற்றார். இவற்றை மறைத்து அவருக்கு ஒளிவட்டம் போட வேண்டாம். பிள்ளைகள் முழு மனிதரைத் தெரிந்துகொள்ளட்டும். இன்றுள்ள எந்தச் சங்கமும் "அவர் எங்களுக்கு மட்டுமே உரியவர்" என்று சொல்ல முடியாது. ஆகவே எல்லாச் சங்கங்களும் வாருங்கள், கொடிகளை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். நகரத்துச் சிங்கள, முஸ்லிம் அயலவர்களையும் அழைப்போம். அவர்கள் புரிந்துகொள்ளும்படி வரலாற்றுக் குறிப்பைச் சிங்களத்திலும் அச்சிடுவோம்.

கடைசியாகக் கண்காட்சி. மண்டபத்தின் பின்கதவோரத்தில் ஒரு நீள மேசை போடப்பட வேண்டும். இடத்தைக் குறித்தே சொல்கிறேன், பின்கதவோரம். அங்கே இரண்டு பிள்ளைகள் ஸ்கேனர் இயந்திரத்தோடும் குறிப்புப் புத்தகத்தோடும் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்திருப்பார்கள். தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் பற்றுச்சீட்டு, பழைய பாஸ்போர்ட், பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, சங்கச் சந்தா அட்டை, கறுப்பு வெள்ளைப் புகைப்படம் எதுவானாலும் கொண்டுவரச் சொல்வோம். பிரதி எடுத்துவிட்டு அதே நிமிடத்தில் மூலத்தைக் கையில் திருப்பிக் கொடுப்போம். வாங்கி வைத்துக்கொள்ளும் பேச்சே கூடாது. காகிதத்தைக் கொடுத்து ஏமாந்த அனுபவம் நம் மக்களுக்கு நிறைய இருக்கிறது. கொண்டுவந்தவரை நாற்காலியில் அமர்த்தி, தேநீர் கொடுத்து, அந்தக் காகிதத்தின் கதையைக் கேட்டு எழுத வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது. லொறிக்காரர்களிடம் இப்போதே பேசி வைப்போம்: மேசையில் கடைசி ஆள் எழுந்த பிறகுதான் வண்டி புறப்படும்.

குறிப்புப் புத்தகம் ஒன்றை இப்போது பின்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தப் பொறுப்பு என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லுங்கள், எழுதித் தரும். பாட்டு ஒத்திகை வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில். மீனாட்சி அம்மையின் பாடல்களைப் பெரிய எழுத்தில் எழுதி நான் கொண்டுவருகிறேன். தப்புக் கலைஞர்கள் முன்வரிசையில் அமர இடம் ஒதுக்கியிருக்கும்.