ஷவரைத் திறந்தா முட்டை நாத்தம், ஆனா கரண்ட் படு சுத்தம்!

ஷவரைத் திறந்தா அழுகின முட்டை நாத்தம் குப்புனு அடிக்கும், ஆனா அந்த ஊர்ல ஒருத்தரும் மூக்கைப் பொத்த மாட்டாங்க! வணக்கம் மக்களே, இன்னிக்கு ஐஸ்லாந்து போறோம். அது கந்தக வாடை. பூமிக்கு அடியில கொதிக்கிற தண்ணிய பைப் போட்டு நேரா வீட்டுக்கே விடுறாங்க, பத்துல ஒம்பது வீடு அந்தச் சூட்டுலதான் கதகதன்னு இருக்கு. வீட்டைச் சுத்திட்டு வெளிய வர்ற தண்ணியையும் சும்மா விடல, நடைபாதைக்கு அடியில ஓட விட்டு பனிய உருக்குறாங்க. நம்ம வீட்ல அரிசி களைஞ்ச தண்ணிய செடிக்கு ஊத்துவாங்கல்ல, அதே புத்தி!

ஹிஸ்டரி வேகமா சொல்லிடுறேன்: 1930கள்ல தலைநகர் ரெய்க்யவிக் மேல நிலக்கரிப் புகை, 1973ல எண்ணெய் விலை எகிறுச்சு, வெந்நீருக்கு மாறிட்டாங்க. கரண்டும் ஆறு, பூமிச் சூடுன்னு கிட்டத்தட்ட 100 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது.

கைதட்டிட்டு கெளம்பிடாதீங்க. அந்த கரண்ட்ல பாதிக்கு மேல அலுமினிய ஆலைங்க குடிச்சிடுது. ஒரு டன் எடுக்க சுமார் 14,000 யூனிட்! தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ இருக்கே, அதை மிச்சம் பிடிச்சு சேர்த்தா ஒரு டன்னுக்கு 23 வருஷம் ஆகும் (கணக்கு நானே போட்டது, தப்புன்னா கமெண்ட்ல திட்டுங்க). இத்தனைக்கும் மூலப்பொருள் கடல் தாண்டி கப்பல்ல வருது, கரண்டை கட்டி கட்டியா வார்த்து ஏத்துமதி பண்றாங்கன்னே வெச்சுக்கலாம்.

இங்கதான் எனக்கு கடுப்பு. அலுமினியம் பிரிக்க உருகின உப்புத் தொட்டிக்குள்ள கார்பன் கட்டைய இறக்கி கரண்ட் பாய்ச்சுவாங்க. அந்தக் கட்டை சோப்பு மாதிரி கரைஞ்சுக்கிட்டே கார்பன் டை ஆக்சைடா மேல போகும், ஒரு டன் அலுமினியத்துக்கு சுமார் ஒன்றரை டன், கரண்ட் எவ்ளோ சுத்தமா இருந்தாலும் இது நிக்காது. அப்புறம் கிழக்குல ஒரே ஒரு ஆலைக்காக காராஹ்ன்யூகர்னு 690 மெகாவாட் நீர்மின் திட்டம் கட்டினாங்க, 57 சதுர கிலோமீட்டர் மேட்டு நிலம், காட்டு வாத்துங்க கூடு கட்டுற இடம் உட்பட, தண்ணிக்குள்ள போயிடுச்சு. ஆனா அந்தப் பக்கம் மீன் தொழில் படுத்து இளவட்டம் எல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டு இருந்துச்சு, வேலை கேட்டவங்க நியாயத்தையும் தள்ள முடியல.

கரையாத கட்டை கண்டுபிடிக்க இப்போ ஆராய்ச்சி நடக்குது, அது வந்தா தொட்டியிலிருந்து ஆக்சிஜன்தான் வெளிய வருமாம்! அதுக்குத் தனி வீடியோ போடறேன், சப்ஸ்க்ரைப் பண்ணி வைங்க.