பழைய நூலும் புதிய வாசகரும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நம் வரலாறு, நம் சமயம், நாம் யார் என்பவை பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, கல்வெட்டையோ ஏட்டுச்சுவடியையோ நேரில் பார்த்து அறிந்தது ஆகாது. யாரோ ஒருவர் அவற்றைப் படித்து, தம் காலத்து வாசகருக்கு விளங்கும்படி எழுதித் தந்த புத்தகத்தின் வழியாகவே அது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அத்தகைய புத்தகங்களை நெடுங்காலமாக விரும்பிப் படித்துவருபவன் என்ற முறையில், ஒரே ஒரு கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பழைய செய்தி எந்த இடத்தில் முடிகிறது, எழுதியவருடைய விளக்கம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை அந்தப் புத்தகம் நமக்குச் சொல்கிறதா? சொல்கிற புத்தகத்தை நான் நம்புகிறேன். அதன் முடிவோடு உடன்படாதபோதும் நம்புகிறேன்.

1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பைத் தமிழ் படித்தவர்கள் பலரும் அறிவார்கள். ஆயினும் அதை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்வதற்கு எனக்குக் காரணம் உண்டு. அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவரான ஐயர், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவற்றைப் படித்து என்ன பயன் என்ற பொருள்படக் கேட்ட முதலியார், அவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். ஐயர் அதுவரை சீவகசிந்தாமணியைப் படித்ததில்லை. அக்காலத்தின் மிகச் சிறந்த ஆசிரியர் ஒருவரிடம் முறையாகத் தமிழ் கற்ற மாணவருக்கே, இன்று பள்ளிப் பிள்ளைகள் ஐம்பெருங்காப்பியம் என்று ஒப்பிக்கும் வரிசையின் ஒரு முதன்மை நூல் அறிமுகம் ஆகியிருக்கவில்லை என்பதை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலியார் கொடுத்த பிரதியைக் கொண்டுவந்து படிக்கத் தொடங்கியபோது ஐயருக்கு வேறொரு தடை எதிர்ப்பட்டது. சிந்தாமணி சமண காப்பியம். அவரோ சைவச் சூழலில் வளர்ந்தவர். பழைய உரையாசிரியரான நச்சினார்க்கினியரின் உரை கையில் இருந்தும், சமண சமயக் கொள்கைகள் வரும் இடங்களில் பொருள் பிடிபடவில்லை. தமக்குத் தெரிந்ததைக் கொண்டு அந்த இடங்களை நிரப்பிவிட்டிருந்தால் அந்நாளில் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போனார். சந்திரநாத செட்டியார் முதலியவர்கள் வீட்டுக்குச் சென்றார். அங்கே சிந்தாமணி இன்னும் பக்தியோடு படனம் செய்யப்படும் நூலாக உயிரோடு இருப்பதைக் கண்டார். அவர்களிடம் பணிவோடு கேட்டு, ஒவ்வொரு ஐயத்தையும் தீர்த்துக்கொண்டார். இவ்வாறு பல ஆண்டுகள் உழைத்த பிறகுதான், 1887இல் சிந்தாமணி அவர் பதிப்பாக அச்சில் வந்தது.

இந்த நிகழ்ச்சியை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், பதிப்பு என்பது வெறும் படியெடுப்பு என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. சுவடியில் இருந்த நூலைத் தாளில் ஏற்றியதோடு அவர் பணி நின்றுவிடவில்லை. சமணர் இல்லத்துக்குள் அறியப்பட்ட சமய நூல் ஒன்று, எல்லாத் தமிழருக்கும் உரிய இலக்கியமாக மாறியது. பின்னர் 1892இல் சிலப்பதிகாரம் வந்தது, 1894இல் புறநானூறு வந்தது, 1898இல் மணிமேகலை வந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், தமிழர் தம் முன்னோரைப் பற்றி எண்ணும் முறையே மாறிப்போனது. தமிழ் இலக்கியம் என்றால் தலபுராணமும் பிரபந்தமும் என்று எண்ணியிருந்த ஒரு சமூகம், சமணமும் பௌத்தமும் கலந்த தன் பழமையைப் புத்தகம் புத்தகமாகக் கற்றுக்கொண்டது.

மணிமேகலையின் நிலை இன்னும் கடினமானது. சமணர் அடுத்த தெருவில் இருந்தார்கள். கேட்டுத் தெளிய அங்கே ஒரு தமிழ்ப் பௌத்தர் இல்லை. ஆகவே ஐயர், ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த பௌத்த நூல்களைப் படித்திருந்த ரங்காசாரியார் என்ற அறிஞரின் துணையை நாடினார். அவர் விளக்கியவற்றைக் கொண்டு, புத்தர் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் சங்கத்தையும் பற்றித் தமிழில் தனியே எழுதித் தம் பதிப்போடு சேர்த்தார். தமிழ்நாட்டில் பிறந்த காப்பியத்தின் பொருள் ஆங்கிலப் புத்தகங்களின் வழியே தமிழருக்குத் திரும்பி வந்தது! இதை அவர் மறைக்கவில்லை. யாரிடம் எதைக் கற்றேன் என்பதைத் தம் முன்னுரைகளிலும் தன்வரலாற்றிலும் நன்றியோடு எழுதி வைத்தார். புத்தகம் வாங்கினால் முன்னுரையைத் தள்ளிவிட்டு முதல் பாடலுக்குப் போகாதீர்கள் என்று நான் இளைஞர்களிடம் ஓயாமல் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி வரலாற்று நாவலுக்கு வருகிறேன். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்வெட்டு, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று கொள்ளப்படுகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களையும் அவர்கள் உறவினரையும் சேர்ந்த நிலங்கள் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. நிலம் பற்றிய ஆவணம் ஆதலால் அதற்கு வேண்டியது அவ்வளவுதான். ஏன் கொன்றார்கள், தூண்டியவர் யார் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்த மௌனத்தில்தான் கல்கி தம் பொன்னியின் செல்வனை எழுப்பினார். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்த அந்நாவல், விடுதலை பெற்று மூன்றே ஆண்டு ஆகியிருந்த ஒரு மக்களுக்குச் சோழர் காலத்தைத் தம் சொந்த வீட்டுக் கதையாக ஆக்கிக் கொடுத்தது. இரவிதாசன் கல்வெட்டில் இருக்கிறான். வல்லவரையர் வந்தியத்தேவர் என்ற பெயரும், குந்தவையின் கணவர் என்ற அளவில், தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. நந்தினி கல்கியின் படைப்பு. ஆனால் நாவலைப் படித்து முடித்தவர் மனத்தில் இந்த மூவரும் ஒரே அளவு உண்மையாக நிற்கிறார்கள். கற்பனை செய்ததற்காக நாவலாசிரியரைக் குறை கூறுவது எனக்கு உடன்பாடன்று. நாவலின் கடமையே அதுதான். நாவலால் தூண்டப்பட்ட ஆர்வத்தோடு உடையார்குடிக் கல்வெட்டு வரை போய்ப் பார்க்கும் வாசகர்களை நான் மிகவும் மதிக்கிறேன். நாவலையே சான்றாகக் காட்டி வாதிடுவோரிடம்தான் எனக்கு வருத்தம்.

நேரம் குறைந்துகொண்டு வருவதால், சமயத்தைப் பற்றிச் சொல்ல நினைத்தவற்றைச் சுருக்கிக்கொள்கிறேன். அம்பேத்கர் மறைந்த பிறகு, 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்ற நூலை எடுத்துக்கொள்ளுங்கள். முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் முதன்முதலாகக் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்பது மரபான கதை. இருபத்தொன்பது வயதுவரை ஒருவர் இவற்றைக் காணாமல் இருந்திருக்க முடியுமா என்று அம்பேத்கர் தம் அறிமுகவுரையிலேயே கேட்டுவிடுகிறார். பிறகு சாக்கியருக்கும் கோலியருக்கும் இடையே ரோகிணி ஆற்று நீரைப் பற்றி எழுந்த பூசலைத் துறவுக்குக் காரணமாக எழுதுகிறார். இதை ஏற்பவர் உண்டு, மறுப்பவர் உண்டு. ஆனால் மரபிலிருந்து விலகும் இடம் எது என்பதை வாசகர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆசிரியரே முன்வாயிலில் நின்று சொல்லிவிடுகிறார்.

திருக்குறள் உரைகளைப் பற்றி விரிவாகப் பேசவே குறிப்பு எழுதி வந்தேன். அதற்கு இப்போது நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அறம் என்பதை ‘மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும், விலக்கியன ஒழிதலும்’ என்று வகுத்தவர் குறளுக்குப் பழைய உரை எழுதிய பரிமேலழகர். இருபதாம் நூற்றாண்டு உரையாசிரியர் பலர் அந்த வரையறையை ஏற்கவில்லை. அதே பரிமேலழகர், ‘மலர்மிசை ஏகினான்’ என்று தொடங்கும் மூன்றாம் குறளுக்குத் தம் பொருளைச் சொன்ன பிறகு, ‘பூமேல் நடந்தான்’ என்ற பெயரைக் கொண்டு இதை வேறொரு கடவுளுக்கு ஏற்றிச் சொல்வாரும் உளர் என்று குறித்து வைத்திருக்கிறார். தமக்கு உடன்பாடில்லாத பொருளுக்கும் தம் உரைக்குள் ஒரு வரி இடம் கொடுத்திருக்கிறார். வாய்ப்புள்ளவர்கள் அந்த ஒரு குறளுக்கு மட்டுமாவது பரிமேலழகர் உரையையும், அண்மைக் காலத்து உரை ஒன்றையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள்.

வணக்கம்.