எதிரி என்று எழுதி நண்பன் என்று படி

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, மாலையில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர் நமக்காக இந்தக் கட்டடத்தைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, ஒலிபெருக்கியும் நாற்காலிகளும் வாடகை வாங்காமல் தந்த அண்ணன் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி அளவுக்கு மேல் நல்ல வார்த்தை சொன்ன தமிழாசிரியை அவர்களே, பின்வரிசையில் நிற்கும் கல்லூரித் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். நான் மேடையேறும்போது கையைப் பிடித்து, "பொம்மைக் கதையைப் பத்தியா பேசப் போறே?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா" என்றேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கேட்க உட்கார்கிறாரே, அது பெரிய மனது.

மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகளைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். எதிராளி இல்லாமல் நாயகன் வளர்வதில்லை என்பது முதல் செய்தி. பெண்களுக்காக எழுதப்பட்ட மங்காவில் அந்தப் போட்டி எப்படி இருக்கிறது என்பது இரண்டாவது. வாராவாரம் வெளிவரும் இதழ்முறை கதைமாந்தரின் வளர்ச்சியை எப்படி வடிவமைத்தது என்பது மூன்றாவது.

எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும்: "வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு." பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கி வந்தாலும் இதைத்தான் சொல்லும். ரொம்ப ஆடாதே என்று அடக்குவதற்காகச் சொல்கிறது என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். மங்கா படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பழமொழிக்குள் ஓர் ஆறுதலும் இருப்பது தெரிந்தது. உனக்கு மேலே ஒருவன் இருக்கிறான் என்றால், நீ ஏறுவதற்கு இன்னும் படி இருக்கிறது என்று பொருள்.

ஜப்பானியர்கள் இதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். 'கோதேகிஷு'. நல்ல என்பதற்கு ஓர் எழுத்து, எதிரி என்பதற்கு ஓர் எழுத்து, கை என்பதற்கு ஓர் எழுத்து. நல்ல எதிராளி. 1983இல் தொடங்கிய 'ஹொக்குதோ நோ கென்' மங்கா இன்னும் ஒரு படி மேலே போனது. வலிய எதிரி என்று பொருள்தரும் எழுத்துகளை அச்சிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 'தோமோ' என்று உச்சரிப்புப் போட்டார்கள். தோமோ என்றால் நண்பன். எதிரி என்று எழுதி நண்பன் என்று படி! ஐந்து நிமிடம் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். தம்பிகள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது நீளும்.

1968இல் ஒரு வார இதழில் 'அஷிதா நோ ஜோ', அதாவது 'நாளைய ஜோ', தொடங்கியது. எழுதியவர் கஜிவாரா இக்கி, தகாமோரி அசாவோ என்ற புனைபெயரில். வரைந்தவர் சிபா தெத்சுயா. யாபுகி ஜோ யாருமற்ற பையன். தோக்கியோவின் கூலித் தொழிலாளர் குடியிருப்பில் சுற்றித் திரிகிறான். தான்பெய் என்று ஒரு பழைய குத்துச்சண்டைக்காரர், ஒரு கண் போனவர், குடிகாரர், இவன் கையில் இருக்கும் வித்தையைக் கண்டுகொள்கிறார். பையன் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்குப் போய்விடுகிறான். அவர் அங்கே அஞ்சலட்டை அனுப்புகிறார். அட்டையில் குத்துச்சண்டைப் பாடம்! அதை வைத்துக்கொண்டு அவன் சுவரைப் பார்த்துக் கை வீசிப் பழகுகிறான்.

அந்தப் பள்ளியில்தான் ரிக்கீஷி தோரு வருகிறான். வல்லவனுக்கு வல்லவன். ஜோ தப்பித்து ஓடப் பார்க்கும்போது தடுப்பவன் அவன்தான். அந்த முதல் அடியிலிருந்து ஜோவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் ஒரு சிக்கல். ரிக்கீஷி ஜோவைவிடப் பெரிய உடம்புக்காரனாக ஏற்கெனவே வரையப்பட்டுவிட்டான். பின்னால் இவர்கள் இரண்டு பேரும் மேடையில் மோதப் போகிறார்கள் என்பது வரையும்போது சிபாவுக்குத் தெரியாது. எடைப்பிரிவு வேறு வேறாக இருந்தால் மோத முடியாதே! கதையில் வேறு வழி கண்டார்கள். ரிக்கீஷி தன் உடம்பைக் குறைத்துக்கொண்டு ஜோவின் பிரிவுக்கு இறங்கி வருகிறான்.

இறங்கி வருகிறான் என்று வாயால் சொல்லிவிடலாம். சோற்றைக் குறைக்கிறான், பிறகு தண்ணீரையே நிறுத்துகிறான். ஒரு ராத்திரி தாகம் தாங்காமல் குழாயைத் தேடி ஓடுகிறான். எல்லாக் குழாயையும் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். யோக்கோ என்ற பெண் மனம் கேட்காமல் ஒரு குவளை வெந்நீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். வாங்குகிறான். உங்கள் அன்பு போதும் என்று சொல்லிவிட்டு, தரையில் ஊற்றிவிடுகிறான். யாருக்காக? தன்னைவிட இளைத்த ஒரு பையனோடு சரிசமமாக நின்று மோதுவதற்காக. மேலே இருந்து அடித்தால் அது வெற்றியில்லை என்று நினைத்தவன் ரிக்கீஷி.

எட்டாவது சுற்றில் ரிக்கீஷி ஜெயிக்கிறான். ஜோ கை நீட்டிக்கொண்டு வருகிறான். அந்தக் கையைப் பிடிக்க வந்த ரிக்கீஷி அப்படியே சரிகிறான். உயிர் போய்விட்டது.

இத்தோடு முடியவில்லை. 1970 மார்ச் 24. தோக்கியோவில் கோதான்ஷா பதிப்பகத்தின் அரங்கில் ரிக்கீஷிக்கு இறுதிச் சடங்கு நடந்தது. காகிதத்தில் வரைந்த ஒருவனுக்கு! முன்னின்று நடத்தியவர் கவிஞரும் நாடகக்காரருமான தெராயாமா ஷூஜி. பௌத்தத் துறவி மந்திரம் ஓதினார். சுமார் 700 பேர் வந்தார்கள், மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்று. தலைமையாசிரியர் ஐயா, பொம்மைக் கதை என்றீர்களே, இந்த 700 பேரை நினைத்துப் பாருங்கள். நாயகனுக்குக்கூட இல்லை, நாயகனைத் தோற்கடித்தவனுக்கு அழ வந்தவர்கள் அவர்கள்.

அதற்குப் பிறகு ஜோவால் எதிராளியின் முகத்தில் குத்த முடியவில்லை. கை மேலே போகிறது, முகத்துக்கு அருகே நின்றுவிடுகிறது. அந்தக் கை மறுபடி அசைய எத்தனையோ அத்தியாயங்கள் ஆகின்றன. கதைமாந்தரின் வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். புதிதாக ஓர் அடிமுறை கற்றுக்கொள்வதை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இளைஞர்கள் நருதோ, சசுகே பெயரைச் சொல்லச் சொல்லிக் கை காட்டுகிறீர்கள், பார்த்துவிட்டேன். 1999இல் தொடங்கி 2014இல் 700ஆவது அத்தியாயத்தோடு முடிந்த 'நருதோ' மங்கா. நருதோ நாயகன், சசுகே அவனுடைய எதிராளி. கடைசி மோதலில் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு கை போகிறது. இரண்டு பேரும் எழ முடியாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்குப் புறநானூறுதான் நினைவுக்கு வந்தது. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் எதிரெதிரே நின்றபோது கோவூர் கிழார் சொன்னார்: "ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே." யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். நருதோவும் சசுகேயும் அண்ணன் தம்பி இருவரின் மறுபிறவி என்றுதான் அந்தக் கதையும் சொல்கிறது.

'ஸ்லாம் டங்க்' பற்றிச் சொல்லாமல் போனால் என் மகன் வீட்டுக்குள் விடமாட்டான். இனோவே தகேஹிகோ 1990 முதல் 1996 வரை வரைந்தது. கூடைப்பந்து. சகுராகி பந்தைத் தொட்டு நான்கே மாதம் ஆனவன், ருகாவா பிறவி ஆட்டக்காரன். ஒரே அணி, ஆனால் ஆகவே ஆகாது. ருகாவா யாருக்கும் பந்து தரமாட்டான். எதிரணியான சன்னோவின் சவாக்கிதாவிடம் ஆட்டத்தில் நன்றாக அடிபட்ட பிறகுதான் பந்தைப் பகிரக் கற்றுக்கொள்கிறான். வல்லவனுக்கு வல்லவன்! கடைசி விநாடிகளில் ஒரு புள்ளி பின்தங்கி நிற்கும்போது பந்து ருகாவாவின் கையிலிருந்து சகுராகியின் கைக்குப் போகிறது. 79க்கு 78. இருவரும் ஓடிவந்து கையோடு கை அறைகிறார்கள். அந்தப் பக்கங்களில் ஏறக்குறைய பேச்சே கிடையாது. 31 தொகுதி முழுக்கச் சண்டை போட்டவர்களுக்கு அங்கே ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

இரண்டாவது செய்தி, பெண்களுக்கான மங்கா. 1976இல் மியுச்சி சுசுவே தொடங்கி இன்னும் முடியாத 'கராசு நோ கமேன்', கண்ணாடி முகமூடி. உணவகத்தில் வேலை செய்யும் தாயின் மகள் மாயா. இயக்குநருக்கும் பெரிய நடிகைக்கும் பிறந்தவள் ஆயுமி. இருவரும் நடிகைகள், இருவருக்கும் வேண்டியது ஒரே நாடக வேடம். நோரியே என்ற பெண் சூழ்ச்சி செய்து மாயாவின் இடத்தைப் பறித்துக்கொள்கிறாள். போட்டி ஒழிந்தது என்று ஆயுமி மகிழ்ந்திருக்கலாம். அவளோ நோரியேயோடு ஒரே மேடையேறி, நடிப்பாலேயே அவளை ஒன்றுமில்லாமல் ஆக்குகிறாள். எனக்கு நிகரானவளை நீ எப்படித் தள்ளலாம் என்ற கோபம் அது. என் இரண்டு மகள்களுக்கும் இந்தக் கதையை நான்தான் வாய்மொழியாகச் சொன்னேன். ஏன் வாய்மொழியாக? தமிழில் கையில் கொடுக்கப் புத்தகம் இல்லை.

அதனால் மூன்றாவது செய்தியை விட்டுவிட்டு மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வேறோர் ஊர் நூலகத்தில் மங்கா வாங்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் பசங்க போன்ல பாத்துக்குவாங்க" என்று பதில் வந்தது. போனில்தான் பார்க்கிறார்கள், உண்மை. துண்டு துண்டாக, சண்டைக் காட்சி மட்டும். ரிக்கீஷி தண்ணீரை ஊற்றும் பக்கம் முப்பது விநாடிக் காணொளியில் வராது. அது வர முன்னூறு பக்கம் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் அலமாரி வேண்டும்.

1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் போகிறது. அதில் ஓர் அலமாரி கேட்கிறோம். ஜன்னலோரம் பழைய நாளிதழ் அடுக்கியிருக்கும் இடம் போதும் என்று நூலகர் அம்மாவே அளந்து பார்த்துச் சொன்னார்கள். இப்போதைக்கு ஆங்கிலப் பதிப்பு வரட்டும். மொழிபெயர்க்க முன்வரும் பதிப்பாளருக்கு, வாங்குவதற்கு நூலகங்கள் இருக்கின்றன என்று தெரிந்தால் தமிழும் வரும். வார்டு உறுப்பினர் அவர்கள் இதை மேலே எடுத்துச் செல்வதாகத் தேநீர் நேரத்தில் சொன்னார்கள், அவர்களுக்கு என் நன்றி.

மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. நேற்று வரை 46 கையெழுத்து. தலைமையாசிரியர் ஐயா எழுந்திருக்கிறார், கொஞ்சம் வழிவிடுங்கள் தம்பி. வணக்கம்.