இடுப்பில் கயிறு இல்லாத இடம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, ஏற்கெனவே ஜெயித்துவிட்ட மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கும் சாகச அணித் தோழர்களே, தருமபுரிப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

“கோடை முகாமில் பதின்வயதுப் பிள்ளைகளை ஆளாக்குவது சாகசமா, சேவையா?” எங்கள் அணி சேவை. எனக்கு முன் பேசியவர் கைதட்டலை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டார். பையன் வத்தல்மலை ஏறினான், ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினான், பாறையில் கயிறு பிடித்து இறங்கினான், பயம் தெளிந்தது, ஆளாகி வீட்டுக்கு வந்தான் என்றார். கேட்கக் கேட்க, முட்டி வலியை மறந்து நானும் ஒரு கயிறு வாங்கலாமா என்று ஆசைப்பட்டுவிட்டேன்.

முகாமுக்குத் துணையாகப் போன ஆசிரியை நான். அந்தக் கயிற்றைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். தலையில் ஹெல்மெட். இடுப்பிலும் தொடையிலும் பட்டை. பையன் பிடித்திருக்கும் கயிறு போக, பயிற்சியாளர் கையில் காப்புக்கு இன்னொரு கயிறு. கீழே ஒருவர் தயாராக நிற்கிறார். கையை விட்டாலும் அவன் விழமாட்டான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இல்லையென்றால் முகாம் நடத்துகிறவர்களை நாம் சும்மா விடுவோமா? பரிசலும் அதே கதைதான். காவிரியில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். தடை இல்லாத நாளில் லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார வைப்பார்கள். துடுப்புப் போடுகிறவர் காலமெல்லாம் அந்த ஆற்றில் கிடந்தவர். பிள்ளை என்ன செய்கிறான்? உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்திருப்பது சாகசம் என்றால், இந்த மேடையிலேயே பெரிய சாகசக்காரர் நம் நடுவர்தான்.

இப்போது அதே முகாமின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். நம் பக்கத்து நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள்; 2013-இல் தொடங்கியது; தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆனாலும் குழாயில் வராத நாளில் போர் தண்ணீரைப் பிடிக்கிற வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை இதுதான்: பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் வீடு வீடாகப் போய், குடிப்பது எந்தத் தண்ணீர் என்று கேட்டு எழுத வேண்டும். கைப்பம்புத் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, மாறுகிற நிறத்தை வண்ண அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

முதல் வீட்டு வாசலிலேயே கால் நகரவில்லை. பாறையில் சிரித்துக்கொண்டே இறங்கிய பெண், “நீ கேளுடி, நீ கேளுடி” என்று பக்கத்திலிருந்தவளைத் தள்ளுகிறாள். உள்ளேயிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார்.

“யாரு கண்ணு, ரேஷன் கார்டுக்கா?”

“இல்லீங்க பாட்டி, தண்ணிக்கு.”

“தண்ணியா? குடத்துல இருக்குது, மொண்டு குடிங்க.”

எழுதப் போன பிள்ளைகள் வரிசையாக நின்று குடித்துவிட்டுத்தான் எந்தத் தண்ணீர் என்று கேட்டார்கள். “போர் தண்ணிதான் கண்ணு. நல்லாக் காய்ச்சி ஆற வச்சிருக்கேன், பயப்படாதீங்க.” காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். இதை, வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு ஆசையாகத் தண்ணீர் கொடுத்த பாட்டியிடம், அவர் முகம் வாடாமல் எப்படிச் சொல்வது? அங்கே காப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை, நடுவர் அவர்களே.

இன்னொன்றையும் கேளுங்கள். ஒரு கைப்பம்பில் நிறம் அளவைத் தாண்டிவிட்டது. ஊராட்சியில் சொல்லிவிட்டு, சிவப்புப் பெயிண்ட் அடித்து, “புழங்க மட்டும், குடிக்க வேண்டாம்” என்று எழுதப் போனார்கள். பம்பு இருப்பது ஒருவர் வீட்டு வாசலில். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வந்துவிட்டார். “என் வூட்டு வாசல்ல செவப்பு அடிச்சா நாளைக்கு என் பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எடுங்கடா டப்பாவ!” நான் குறுக்கே போக ஓரடி வைத்தேன். அதற்குள் ஒரு பையன் முன்னால் போனான். முகாம் முழுக்கப் பேசாதவன். சிரித்தால்கூட வாயைக் கையால் மூடிக்கொள்வான். “மாமா, என் பல்லப் பாருங்க” என்று உதட்டை விரலால் தூக்கிக் காட்டினான். பல்லெல்லாம் பழுப்புக் கறை. “எதுல தேய்ச்சாலும் போவாது மாமா. சின்னப் புள்ளையில குடிச்ச தண்ணி.” அவர் பையனைப் பார்த்தார், இடுப்பிலிருந்த பேரனைப் பார்த்தார். “சரி, எழுத்தச் சின்னதா எழுதுங்க” என்றார்.

சாகச அணித் தோழர்களே, உங்கள் பாறை எத்தனை அடி என்று சொன்னீர்கள். இது எத்தனை அடி, அளந்து சொல்லுங்கள்.

“மண்வெட்டி பிடித்து போட்டோ எடுப்பதுதானே சேவை முகாம்” என்று கிண்டலடித்தார்கள். நடக்கத்தான் நடக்கிறது. மே மாதத்து வெயிலில் மரக்கன்று நட்டுவிட்டு, ஜூனில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் விட்ட முகாம்களை நானும் பார்த்திருக்கிறேன். அதைச் சேவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒப்புக்குக் கொடுத்த வேலை எது என்று பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். கன்று காய்ந்ததற்கு, நட வைத்த பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்து, உதாரணம் தேடி எதிரணியார் இங்கிலாந்துக்குப் போனார்கள். 1956-இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருது, 14 முதல் 24 வயது வரை, காடு மலை என்று பயணம் போனால் விருது! சரி, அந்த விருதின் விதியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே? தங்க விருதுக்குப் பயணம் நான்கு பகல், மூன்று இரவு. தொண்டு குறைந்தது 12 மாதம். வெண்கலத்துக்குப் பயணம் இரண்டு பகல், ஓர் இரவு. தொண்டு குறைந்தது மூன்று மாதம். அங்கேயும் மலை ஏறுகிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு காலம் ஒதுக்கினார்கள் என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக நம் தகடூர் அதியமானையே தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். “நெல்லிக்கனிக்காக மலைப்பிளவில் ஏறினானே, அது சாகசம் இல்லையா?” சாகசம்தான் ஐயா. ஆனால் புறநானூற்று 91-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். எட்டாத உச்சியில் கனி பறித்ததை ஔவை ஒரே அடியில் முடித்துவிடுகிறார். அதன் பலனை வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டு தனக்குக் கொடுத்தானே, அதற்குத்தான் சிவனைப் போல நிலைத்திரு என்று வாழ்த்துகிறார். பறித்த கனியை அங்கேயே தின்றுவிட்டு இறங்கியிருந்தால் அவனும் மலையேறிய ஓர் ஆள். ஔவை எதற்குப் பாடப் போகிறார்?

அடுத்துப் பேச வரும் சாகச அணித் தோழர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். முகாம் முடிந்த பிறகு அந்தப் பாறையைத் தேடி எந்தப் பிள்ளை திரும்பிப் போனான்? பம்பில் அடித்த பெயிண்ட் உரிந்துவிட்டதா என்று பார்க்க அந்த ஊருக்கு பஸ் ஏறிய பிள்ளைகள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். உங்கள் பக்கம் ஒருவன் இருந்தால் மேடைக்குக் கூட்டி வாருங்கள், இப்போதே மைக்கைக் கொடுத்துவிடுகிறேன்.