ஆடையைப் பற்றி வேதம் பெண்ணிடம் என்ன கேட்கிறது?

(திரையில் 1 தீமோத்தேயு 2:9 மட்டும் தெரிகிறது. நான்கு சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

வணக்கம். கிறிஸ்தவப் பெண் எப்படி உடுத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், கை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், கழுத்து எவ்வளவு இறங்கலாம், முழங்கால் மறைய வேண்டுமா என்ற அளவுக் கணக்குகளுக்குள் நாம் சீக்கிரமே போய்விடுகிறோம். அதற்கு ஆதாரமாக அதிகம் எடுத்துக்காட்டப்படும் வசனம் 1 தீமோத்தேயு 2:9. இதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள்கூட, இதில் எவையெவை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன என்று நின்று கவனித்திருப்பது அரிது. மயிரைப் பின்னுதல், பொன், முத்துக்கள், விலையேறப்பெற்ற வஸ்திரம் ஆகிய நான்கையும் வரிசையாகப் பாருங்கள். ஆடை எவ்வளவு மறைக்கிறது என்பதைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. நான்குமே செல்வத்தைக் காட்டுபவை.

இந்த நிருபம், அதாவது கடிதம், எபேசு பட்டணத்தில் ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதியது. அந்நாளைய ரோமப் பேரரசில் கூந்தலை அடுக்கடுக்காகப் பின்னிப் பொன்னால் அலங்கரித்துக்கொள்வதற்கு அடிமைப் பெண்களின் உழைப்பு தேவைப்பட்டது. முத்து மிகப் பெரிய செல்வந்தர்களுக்கே எட்டும் பொருளாக இருந்தது. பெண்ணின் அலங்காரம் குடும்பத்தின் பணத்தை அறிவிக்கும் பலகை என்பதை ரோமர்கள் வெகு முன்பே உணர்ந்திருந்தார்கள்: கி.மு. 215-இல், போர்க்காலத்தில், எந்தப் பெண்ணும் அரை அவுன்ஸுக்கு மேல் பொன் வைத்திருக்கக் கூடாது, பல வண்ண ஆடை உடுத்தக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பெண்கள் தெருவில் இறங்கி வாதாடிய பிறகு கி.மு. 195-இல் அது நீக்கப்பட்டது.

இப்போது அந்த எபேசு சபையை மனத்தில் கொண்டுவாருங்கள். இதே நிருபத்தின் 6-ஆம் அதிகாரம் அடிமைகளுக்கும் புத்தி சொல்கிறது, ஐசுவரியவான்களுக்கும் புத்தி சொல்கிறது. அப்படியானால் கூந்தலில் பொன் மின்ன வந்து நின்ற பெண்ணும், அப்படிப்பட்ட கூந்தலைப் பின்னிக் கை ஓய்ந்த அடிமைப் பெண்ணும் ஒரே கூட்டத்தில் ஜெபிக்க வேண்டியிருந்தது. முந்தைய வசனம் ஆண்களைப் பார்த்து, கோபமும் தர்க்கமும் இல்லாமல் கைகளை உயர்த்தி ஜெபிக்கச் சொல்கிறது. அந்த மூச்சிலேயே பெண்களுக்கான வார்த்தையும் வருகிறது. ஜெபத்துக்காகக் கூடியிருக்கும் இடத்தில் ஒருவரையொருவர் சிறுமைப்படுத்தும் எதையும் கொண்டுவராதீர்கள் என்பதே இரண்டுக்கும் அடியில் ஓடும் கருத்து என்று நான் வாசிக்கிறேன்.

(திரையில் மூன்று சொற்கள்: தகுதி, நாணம், தெளிந்த புத்தி.)

விலக்க வேண்டியவற்றைச் சொன்ன பிறகு, அணிய வேண்டியவையாக இந்த மூன்றையும் வசனம் சொல்கிறது. ‘தகுதியான’ என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ள கிரேக்கச் சொல் ‘கோஸ்மியோஸ்’; ஒழுங்குள்ள, பாங்கான என்பது அதன் பொருள். ‘நாணம்’ என்ற இடத்தில் உள்ள ‘ஐடோஸ்’, தன் உடலைக் குறித்து வெட்கப்படுவதைவிட அகலமான சொல். மற்றவர் முன்னும் தேவன் முன்னும் ஒருவருக்கு இருக்கும் மரியாதை உணர்வு அதில் உண்டு. இதில் என்னை எப்போதும் நிறுத்துவது வேறொன்று. அடுத்த அதிகாரத்தில் சபைக் கண்காணி எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று பவுல் சொல்லும்போது, தெளிந்த புத்தியையும் இதே ‘கோஸ்மியோஸ்’ என்ற பண்பையும் அவரிடமும் எதிர்பார்க்கிறார். தமிழில் அது ‘யோக்கியதையுள்ளவன்’ என்று வேறு சொல்லாக வருவதால், பெண்ணின் ஆடைக்குச் சொன்னதும் ஆண் தலைவரின் நடத்தைக்குச் சொன்னதும் ஒன்றே என்பது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பேதுருவின் முதலாம் நிருபம் 3-ஆம் அதிகாரத்திலும் பின்னல், பொன், வஸ்திரம் ஆகியவற்றைக் குறிப்பிடும் இதே போன்ற வரிகள் உள்ளன. அங்கே தமிழ் வேதாகமம் ‘உயர்ந்த வஸ்திரங்கள்’ என்கிறது. கிரேக்க மூலத்தில் ‘உயர்ந்த’ என்ற அடைமொழி இல்லை, ‘வஸ்திரங்களை உடுத்துதல்’ என்று மட்டுமே இருக்கிறது. அந்த வசனத்தை முழுத் தடையாக எடுத்துக்கொண்டால் ஆடை அணிவதையே விட்டுவிட வேண்டியிருக்கும். எனவே, பின்னலையும் பொன்னையும் ஒட்டுமொத்தமாகத் தடை செய்வதற்கு இந்த வசனத்தைப் பயன்படுத்துவது நேர்மையான வாசிப்பு ஆகாது. ஒரு பெண் தன் மதிப்பை எதில் வைத்திருக்கிறாள் என்பதே பேதுருவின் கவலை.

(திரையில் ஏசாயா 3-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனத்திலிருந்து.)

சீயோன் குமாரத்திகளின், அதாவது எருசலேம் பெண்களின், ஆபரணங்களை ஏசாயா தீர்க்கதரிசி நீளமாக அடுக்கிக் கண்டிக்கும் பகுதியையும் பெண்களுக்கு எதிராகப் பலர் பயன்படுத்துவதுண்டு. அந்தப் பட்டியல் 16-ஆம் வசனத்துக்குப் பின் தொடங்குகிறது. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னே, மூப்பர்களையும் பிரபுக்களையும் நோக்கி, சிறுமையானவர்களிடத்தில் கொள்ளையிட்ட பொருள் உங்கள் வீடுகளில் இருக்கிறது என்று கர்த்தர் வழக்காடுகிறார். அந்தச் சிலம்பும் மோதிரமும் எந்தப் பணத்தில் வந்தன என்பதை 14-ஆம் வசனத்தைப் படிக்காமல் புரிந்துகொள்ள முடியாது.

அப்படியானால் உடலை மறைப்பது பொருட்டே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். பொருட்டுதான். ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில் ஆதாமும் ஏவாளும் அத்தியிலைகளைத் தைத்துத் தங்களை மூடிக்கொண்டார்கள். பிறகு தேவனே தோல் உடைகளை உண்டாக்கி அவர்களுக்கு உடுத்தினார். அவர்களை ஏதேனிலிருந்து வெளியே அனுப்புவதற்கு முன் அவர் செய்த கடைசிப் பராமரிப்பு அது. ஆடை முதலில் கிருபையின் அடையாளமாக, உடலுக்குப் பாதுகாப்பாக, மானத்துக்கு மதிப்பாக வருகிறது. தன் உடலைத் தேவன் மதிக்கிறார் என்று நம்பும் பெண், அதை மற்றவர்களின் பாராட்டுக்காக விலை பேசும் ஆடையை வேண்டாம் என்று சொல்ல முடியும். அந்த விடுதலை விசுவாசத்திலிருந்து வருகிறது.

ஆனால் இதே போதனை அச்சுறுத்தலாக மாறும்போது என்ன நடக்கிறது என்பதை நான் அறிவேன். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, ஒரு வாலிபர் கூடுகையில், பையன்கள் பாவத்தில் விழாதபடி பெண்பிள்ளைகள் உடுத்த வேண்டும் என்று எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார்கள். பையன்களிடம் அன்று எதுவும் சொல்லப்படவில்லை. அதன் பின் பல ஆண்டுகள், என் உடலை ஓர் ஆபத்தைப் போலச் சுமந்துகொண்டுதான் ஆராதனைக்குப் போனேன். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை நானே நிதானமாகப் படித்தபோதுதான் அந்தச் சுமை இறங்கியது. இச்சையோடு பார்ப்பவனைப் பற்றி இயேசு அங்கே பேசுகிறார். உன் கண் உனக்கு இடறலாக இருந்தால் அதைப் பிடுங்கி எறிந்துபோடு என்று பார்ப்பவனிடமே சொல்கிறார். பார்க்கப்பட்ட பெண்ணின் ஆடையை அவர் விசாரிக்கவில்லை. சகோதரனுக்கு இடறல் வைக்காதிருங்கள் என்று ரோமர் 14 சொல்வது உண்மையே. அது எல்லா விசுவாசிகளுக்கும் சொன்ன வார்த்தை. ஒருவர் மனத்தின் பாவத்தை இன்னொருவர் கணக்கில் எழுத அது இடம் தருவதில்லை.

(திரையில் ஊதா நிற நூல்கள்.)

அழகைக் குறித்தும் ஒரு வார்த்தை. நீதிமொழிகள் 31-இல் புகழப்படும் பெண்ணின் உடுப்பு மெல்லிய துணியும் இரத்தாம்பரம் என்ற ஊதா நிற ஆடையும்தான். பிலிப்பி பட்டணத்தில் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்ற லீதியாள், இரத்தாம்பரம் விற்ற வியாபாரி. அந்தத் தொழிலை விட்டுவிடும்படி யாரும் அவளிடம் சொன்னதாக அப்போஸ்தலர் நடபடிகளில் இல்லை. நிறமும் நேர்த்தியும் விசுவாசத்துக்கு எதிரிகள் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பெண்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

திருச்சபையின் வரலாற்றிலும் ஒரே விதி இருந்ததில்லை. கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஏறத்தாழ கி.பி. 200-இல் பெண்களின் அலங்காரத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு ஆலயத்தில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்றது. 1983-இன் தொகுப்பில் அந்த விதி இல்லை. எளிய உடைக்குப் பெயர்பெற்ற குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ இயக்கத்தினரிடையே எல்லாரும் ஒரே வகை, ஒரே நிற உடைதான் உடுத்த வேண்டும் என்ற நெருக்குதல் வளர்ந்தபோது, அந்த இயக்கத்தின் மூத்த தலைவியான மார்கரெட் ஃபெல் 1700-இல் அதை எதிர்த்து எழுதினார். எளிமையை நேசித்த ஒரு பெண்ணே எளிமையைச் சட்டமாக்குவதைக் கண்டித்தார் என்பதால் அவர் குரல் எனக்கு நெருக்கமானது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆடையைப் பற்றிச் செய்த பிரசங்கத்தில் முன்வைத்த வாதம் இன்னும் கூர்மையானது: உன் உடைக்கு எவ்வளவு அதிகம் செலவிடுகிறாயோ, அவ்வளவு குறைவாகவே வஸ்திரமில்லாதவருக்கு உடுத்த உன்னிடம் மிஞ்சும். இரண்டு அங்கிகளையுடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன் என்று யோவான் ஸ்நானகன் சொன்னதன் நேரான தொடர்ச்சி இது. இன்று இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக் கடைகளுக்காக உடுப்பு தைத்த தொழிலாளர்கள், அதிலும் அதிகம் பெண்கள். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்திருந்தும் அவர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது வயலில் அறுத்தவர்களைப் பற்றி. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களுக்கும் அது பொருந்தும் என்றே நான் நம்புகிறேன். மிக மலிவான, முழுக் கையும் முழு நீளமும் கொண்ட ஓர் ஆடையை வாங்கிவிட்டு, இது பக்திக்கு ஏற்ற உடை என்று நிம்மதியடைய என்னால் இப்போது முடிவதில்லை. அதனால் குறைவாக வாங்குகிறேன், கிழிந்ததைத் தைத்து உடுத்துகிறேன், புதிதாக ஒன்று எடுத்தால் இருப்பதில் நல்ல ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன்.

(திரையில் அப்போஸ்தலர் 9:39.)

யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற சீஷி இறந்தபோது, பேதுரு வந்து மேல்வீட்டுக்குள் நுழைகிறார். அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. விதவைகளெல்லாரும் அழுதுகொண்டு அவரைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களோடு இருந்த நாட்களில் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் அவருக்குக் காட்டுகிறார்கள்.