தும்பும் வாலும்: நாட்பட்ட நோய்கள் குறித்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆற்றிய உரை

அவைத் தலைவர் அவர்களே, நம் வார்டு மக்களின் குறைகளை முகம் சுளிக்காமல் கேட்டுவரும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, பணி ஓய்வுக்குப் பின்னும் ஞாயிறுதோறும் கட்டணம் வாங்காமல் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றித் தந்த பெரியவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என் பழைய மாணவர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். முப்பத்தோர் ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்த என்னை இத்தலைப்பில் பேச அழைத்த குழுவினருக்கும், நேற்று இரவு வரை தொலைபேசியில் நினைவூட்டிய செயலாளர் தம்பிக்கும் நன்றி கூறாமல் தொடங்குவது முறையாகாது.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். இந்த நோய்கள் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கின்றன. அவை ஏன் இவ்வளவு பெருகின. உணவையும் மருந்தையும் எப்படிக் கைக்கொள்வது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு 2008 முதல் 2020 வரை, 20 வயது நிரம்பிய 1,13,043 பேரை நேரில் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2023ஆம் ஆண்டு வெளியானது. நாட்டில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை நோயும் 35.5 பேருக்கு இரத்தக் கொதிப்பும் இருப்பதாக அது கண்டது. தலைக்கணக்காகச் சொன்னால் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி, அந்த நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல், கொதிப்பு உள்ளவர்கள் 31 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 விழுக்காடு. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் புதுச்சேரியிலோ 26.3 விழுக்காடு, அதாவது நால்வரில் ஒருவருக்கும் மேல். வயிற்றுப் பருமன் அங்கே 61.2 விழுக்காடு, ஆய்வு செய்த மாநிலங்களிலேயே அதுதான் மிக அதிகம். அது புதுச்சேரிக் கணக்கு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அக்கரையிலும் இக்கரையிலும் ஒரே சோறு, ஒரே குழம்பு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம்.

திருப்பாதிரிப்புலியூரில் நின்று பாடிய அப்பர் பெருமானைச் சூலை நோய் துடிதுடிக்க வைத்ததால்தான் அவர் தமக்கையாரைத் தேடித் திருவதிகைக்கு ஓடினார் என்பதை நாம் அறிவோம். சர்க்கரையும் கொதிப்பும் அப்படித் துடிக்க வைப்பதில்லை. அவை ஓசையின்றி வந்து பத்தாண்டு, பதினைந்தாண்டு உடம்புக்குள் குடியிருக்கின்றன. கண் மங்கிய பிறகு, சிறுநீரகம் சுருங்கிய பிறகு, கால் புண் ஆறாத பிறகுதான் நாம் மருத்துவமனை தேடி ஓடுகிறோம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம்.

என் அனுபவம் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடைத்தெருவில் எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் துணி தைத்த தையற்காரர் ஒருவர் இருந்தார். நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வைத்து, தீபாவளிக்குத் தீபாவளி எடுத்த அளவை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைப்பார். என் திருமணத்துக்கு 30 அங்குலமாக இருந்த இடுப்பளவு, நான் ஓடுவதை நிறுத்தி விசில் ஊதுபவனாக மாறிய பிறகு 33 ஆயிற்று. பிறகு 36, பிறகு 39. ஒவ்வொரு முறையும் அவர், "உள்ளே ரெண்டு இஞ்சு துணி விட்டுத் தச்சிருக்கேன் சார், வேணும்னா அப்புறம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். நானும் சரி என்பேன். ஒருநாள் கடைவாய்ப் பல் பிடுங்கச் சென்றேன். பல் மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தம் 170க்கு 104 இருக்கிறது, இப்போது பல்லைத் தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். மறுநாள் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் தெரிந்தது.

அதைத் தையற்காரரிடம் சொன்னபோது அவர் பேசாமல் நோட்டைப் புரட்டிக் காட்டினார். என்னோடு பணியாற்றிய கணக்காசிரியர், பேருந்து நடத்துநர் ஒருவர், அரிசி மண்டி உரிமையாளர் என்று பக்கம் பக்கமாக அதே ஏறுவரிசை. சில பக்கங்களின் மேல்மூலையில் சிறியதாக ஒரு குறுக்குக் கோடு இருந்தது. என்னவென்று கேட்டேன். "அவங்களுக்கு இனிமே அளவு எடுக்க வேண்டியதில்லை சார்" என்றார். அந்தக் கோடுகளை எண்ணத் தொடங்கி, ஏழோடு நிறுத்திவிட்டேன்.

ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவு எட்டினால் எச்சரிக்கை என்பது நம் நாட்டவருக்கு வகுத்த வரம்பு. ஏறக்குறைய முப்பத்தைந்தரையும் முப்பத்தொன்றரையும் ஆன அங்குலம். அந்த வரம்பை நான் எந்த ஆண்டில் தாண்டினேன் என்று தையற்காரரின் நோட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தும்பு அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஏன் பெருகின என்பதற்கு மரபும், மெருகேற்றிய அரிசியும், உப்பும், உட்கார்ந்த பிழைப்பும் காரணம் என்று மருத்துவர்கள் கூறுவர். எனக்கு நன்றாகத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. நடக்க இடமில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை போன்ற மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நேதாஜி சாலையில் காலை ஆறு மணிக்கு ஐம்பது வயதுத் தாய் எங்கே நடப்பாள்? லாரிக்கும் நாய்க்கும் நடுவிலா? தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வண்டி வைத்துக்கொண்டு போக எல்லாராலும் முடியுமா? ஆனால் தெருவுக்கு அருகிலேயே பள்ளி மைதானங்கள் பூட்டிக் கிடக்கின்றன. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் காலை நேரத்தில் வாயிலைத் திறக்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பொருள்கள் காணாமற் போகும் என்று மறுத்தார்கள். வகுப்பறைகளைப் பூட்டலாம், மைதானத்தைப் பூட்டுவானேன்? வாலைப் பிடிக்க இலட்ச இலட்சமாகச் செலவழிக்கும் நாடு, தும்பைப் பிடிக்க ஒரு சாவியைத் திருப்பக் கூடாதா?

மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களுக்கு இந்த அவையின் சார்பில் வேண்டுகோள் வைக்கிறேன். மாநகராட்சிப் பள்ளிகளின் மைதானங்களைக் காலை 5 மணி முதல் 7 மணி வரை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினாலும் நல்லது. காவலுக்கு முறை வைத்து நிற்க எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பதினோரு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உணவு, மருந்து பற்றிய மூன்றாம் செய்தியை என்னைவிட நன்றாகச் சொல்லத் தக்க மருத்துவர் ஐயாவுக்கே விட்டுவிடுகிறேன்.

கோரிக்கை மனு வாசலில் மேசை மீது இருக்கிறது. அதன் அருகே அந்தத் தையற்காரரின் மகன் அளவு நாடாவுடன் அமர்ந்திருக்கிறார். கையெழுத்திட்ட பின் இரண்டு நிமிடம் அவர்முன் நின்றுவிட்டுச் செல்லுங்கள். வணக்கம்.