சைலண்ட்ஓல்ட்கான்ஃபிக் இல்லாமல் கர்னல் பேக்கேஜ் கட்டிய கதை

வணக்கம் மக்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இப்போது நல்ல மழை, தகரக் கூரைச் சத்தம் மைக்கில் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பது அக்கா மகளின் பழைய லேப்டாப், தோட்டத்து வீட்டில் அவள் படிப்புக்கு இருக்கும் ஒரே கம்ப்யூட்டர். இதற்கு லினக்ஸ் கர்னலை, அதாவது ஹார்ட்வேரை நடத்தும் அடிப்படை மென்பொருளை, நான்தான் டெப் பேக்கேஜாக (டெபியன், உபுண்டுவில் நிறுவும் ஃபைலாக) கட்டிக் கொடுக்கிறேன். இதுவரை 4.9 பதிப்பு. இன்று 6.1-க்கு மாற்றலாம் என்று அதே பழைய ஸ்கிரிப்டை ஓட்டினேன், முதல் நிமிடத்திலேயே நின்றுவிட்டது.

திரையைப் பாருங்கள். 'நோ ரூல் டு மேக் டார்கெட் சைலண்ட்ஓல்ட்கான்ஃபிக்'. அப்படி ஒரு டார்கெட்டே, அதாவது 'மேக்' கட்டளையிடம் செய்யச் சொல்லும் வேலையே, மேக்ஃபைலில் இல்லையாம். கர்னல் சோர்ஸின் மாற்றங்கள் பதிவாகும் கிட் லாகில் அந்தப் பெயரைத் தேடினேன், காரணம் கிடைத்தது. 2018 அக்டோபரில் வந்த 4.19-இல் இதையும், என் ஸ்கிரிப்டில் இருக்கும் ஓல்ட்நோகான்ஃபிக்கையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். பழைய கான்ஃபிக்கை (கர்னலில் எதெல்லாம் வேண்டும் என்ற ஆப்ஷன் பட்டியலை) புதுக் கர்னலுக்குப் பொருத்த சைலண்ட்ஓல்ட்கான்ஃபிக் செய்த வேலையை இப்போது பில்ட் தனக்குள்ளேயே சின்க்கான்ஃபிக் என்ற பெயரில் செய்துகொள்கிறது, நாம் கூப்பிட வேண்டியதில்லை. ஓல்ட்நோகான்ஃபிக் விஷயம் வேறு: பெயரில்தான் 'நோ', புது ஆப்ஷன்களுக்கு அது வைத்ததெல்லாம் டிஃபால்ட் மதிப்பு. பெயர் தப்பாக இருக்கிறதே என்றுதான் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் வந்தது, பழைய பெயரும் சில வருடம் கூடவே இருந்தது, அப்புறம் போய்விட்டது.

நண்பர் ஒருவர் பிழை வந்த வரிக்குப் பின்னால் 'ஆர் ட்ரூ' போட்டு, பிழையைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடு என்றார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 4.9-க்கும் 6.1-க்கும் நடுவில் நூற்றுக்கணக்கான புது ஆப்ஷன்கள் வந்திருக்கின்றன, கான்ஃபிக்கைப் புதுப்பிக்காமல் பில்டை ஓட்டினால் நடுவழியில் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும், நீங்களும் அலுத்துப்போய் என்டரை அழுத்திக்கொண்டே இருப்பீர்கள், எதற்கு என்ன பதில் கொடுத்தோம் என்பதே தெரியாது. நான் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டு 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' என்று ஒரே வரி போட்டேன். உடனே பழைய கான்ஃபிக்கையும் புதியதையும் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் டிஃப்கான்ஃபிக்கில் கொடுத்துப் பார்த்தேன். கழித்தல் குறி போட்டது போனது, கூட்டல் குறி போட்டது புதிதாக வந்தது, அம்புக்குறி இருந்தால் மதிப்பு மாறியிருக்கிறது. இந்தப் பட்டியலை அவசரப்படாமல் படியுங்கள், உங்கள் வைஃபை டிரைவர் கழித்தல் பக்கம் போயிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். எனக்கு அரை மணி நேரம் ஆனது, ஆனால் அவள் வகுப்பு நேரத்தில் நெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

சரி, மறுபடி ஓட்டினால் அடுத்தது ஃபர்ம்வேர்_இன்ஸ்டால் வரியில் நின்றது. ஃபர்ம்வேர் என்பது வைஃபை போன்ற சாதனங்களுக்குள் ஏற்றப்படும் சின்ன மென்பொருள். 2017 நவம்பரில் வந்த 4.14-இலேயே கர்னல் சோர்ஸிலிருந்து ஃபர்ம்வேர் ஃபோல்டரை எடுத்துவிட்டார்கள், ஃபர்ம்வேர் தனிப் பேக்கேஜாகத்தான் வருகிறது. இந்த வரிக்கு மாற்றே கிடையாது, அழித்துவிட்டேன்.

மிச்சம் டெப் பேக்கேஜைக் கட்டும் 'மேக் பின்டெப்-பிகேஜி' மட்டும். அது அப்படியே இருக்கிறது, 'மேக் ஹெல்ப்' அடித்தால் பட்டியலில் தெரியும். இரண்டு மணி நேரத்தில் இமேஜும் ஹெட்டர்ஸும் டெப் ஃபைலாக வந்துவிட்டன. போட்டு ரீபூட் செய்தாயிற்று, இதோ 'யூநேம் மைனஸ் ஆர்' 6.1 என்று காட்டுகிறது, வைஃபையும் பிடித்துவிட்டது. மழை விட்டதும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உங்கள் ஸ்கிரிப்டில் வேறு எந்தப் பழைய டார்கெட்டாவது மாட்டினால் கமெண்டில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.